மதில் சூழ்ந்த நகரியமும் மாதம் ஆயிரம் ரூபாயும்

கொல்கத்தாவைக் கடந்து டயமண்ட் ஹார்பர் சாலை வழியே தெற்கு நோக்கிச் செல்வோர் தெற்கு 24 பர்கானா மாவட்டத்தின் சிராகோலை அடைகின்றனர். அங்கே ஏறக்குறைய 50 ஏக்கர் நிலத்தில், ஆட்டிசம் உடையோருக்கெனத் தனி நகரியம் ஒன்றை எழுப்பத் தனியார் முதலாளிகள் முன்வந்தனர். நாட்டிலேயே முதலாவது என்று மம்தா பானர்ஜி அரசு அதனைப் பெருமையுடன் முன்னிறுத்தியது. பயிற்சி, சிகிச்சை, ஆராய்ச்சி, வயதுவந்தோருக்கு நீண்ட காலத் தங்குமிடம் என யாவும் ஒரே வளாகத்துள் என்பது திட்டம். பாராட்டுரைகளுக்குக் குறைவில்லை. ஆயினும் கேட்டாக வேண்டிய ஒரு கேள்வி உண்டு. கொல்கத்தாவில் பிறந்து, அதன் தெருக்களில் வளர்ந்த ஒருவர், வயதுவந்தபின் வாழ்வதற்காக ஏன் கொல்கத்தாவை விட்டு வெளியேற வேண்டும்?

இக்கேள்வியைப் பெற்றோரை நோக்கி எறிவது அநீதி. பெஹாலாவிலும் கரியாவிலும் தம்தமிலும் இரண்டறை அடுக்கக வீடுகளில், எழுபது வயதுத் தாயும் நாற்பது வயது மகனும் ஒருவரையொருவர் பற்றிக்கொண்டு வாழும் குடும்பங்கள் உண்டு. “எங்களுக்குப் பின் இவனுக்கு யார்?” என்ற கேள்வியோடுதான் அவ்வீடுகளில் விளக்கு அணைகிறது. சிராகோல் போன்ற திட்டங்கள் விற்பது அக்கேள்விக்கான விடையை. வாங்க இயன்றவர் வாங்க முன்வருவதில் வியப்பில்லை, குற்றமும் இல்லை. குற்றம், அக்கேள்வியைச் சந்தையின் கையில் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்ட அரசுடையது.

கல்வி உரிமைச் சட்டம் 6 வயது முதல் 14 வயது வரை பேசுகிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுடைய பிள்ளைகளுக்கு அவ்வுரிமையை 18 வயது வரை நீட்டியது. அதன்பின் என்ன? சிறப்புப் பள்ளியின் வாயில் மூடுகிறது. வீட்டின் வாயிலும் மூடுகிறது. அறுபது வயது வரை வாழும் ஒருவருக்கு எஞ்சிய நாற்பதாண்டுகளும் ஒரு சன்னலும் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியுமாகக் கழிகின்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, அறிவுசார் குறைபாடு உடையோர் 15 லட்சம் பேர் என்று எண்ணிச் சொன்னது. ஆட்டிசத்திற்கு அதில் தனிக் கட்டமே இல்லை. எண்ணப்படாதவர்களுக்குத் திட்டம் தீட்ட எந்த நிதியமைச்சரும் இரவில் விழித்திருப்பதில்லை.

வயதுவந்தோர் என்ற சொல்லே இவர்களுக்கு மறுக்கப்படுகிறது. வங்காளத்தில் “பாச்சா”, தமிழ்நாட்டில் “தெய்வக் குழந்தை”. நரை விழுந்த மனிதரைத் தெய்வக் குழந்தை என்று கொஞ்சும் சமூகம், அவருக்கு வாக்குச்சீட்டும் கூலியும் காதலும் வேண்டும் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. 2015 டிசம்பரில் பிரதமர் மோடி வானொலி உரையில் “திவ்யாங்” என்ற சொல்லை முன்மொழிந்தபோது மாற்றுத்திறனாளிகள் இயக்கங்கள் எதிர்த்ததன் காரணமும் இதுவே. தெய்வீகம் என்று பட்டம் சூட்டிவிட்டால் பட்ஜெட்டில் தொகை ஒதுக்கத் தேவையில்லை. தமிழ்நாட்டு அரசு ஆணைகளில் ஆட்டிசத்தைக் குறிக்க வழங்கும் “புற உலகச் சிந்தனையற்ற” என்ற தொடரும் இதே வகையைச் சேர்ந்ததுதான். புற உலகம் அவர்களைப் பற்றிச் சிந்திக்கவில்லை என்பதே உண்மை நிலை.

“சுதந்திரமாக வாழ்தல் என்பதெல்லாம் மேலைநாட்டுக் கருத்து, நம் நாட்டில் குடும்பம் இருக்கிறது” என்று வாதிடுவோர் வலதுசாரி முகாமில் மட்டும் இல்லை, இடதுசாரி மேடைகளிலும் இவ்வாதம் காதில் விழுகிறது. குடும்பம் என்று இவர்கள் சொல்வதைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது ஒரு பெண். முதலில் தாய். வேலையை விட்டவர், உறங்காதவர், ஊதியமில்லாதவர். தாய்க்குப் பின் அக்காளோ தங்கையோ. அண்ணன் மனைவியும் உண்டு. குடும்பத்தின் மேன்மை என்ற பெயரில் போற்றப்படுவது கூலியில்லாப் பெண்ணுழைப்பு. ஏங்கெல்ஸைப் படித்த இயக்கத்தில் இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

குடும்பம் இயலாதபோது மதில். மதிலுக்குள் என்ன நடக்கக்கூடும் என்பதற்கு வங்காளமே சான்று வைத்திருக்கிறது. ஹூக்ளி மாவட்டத்தின் குராப்பில், ஆதரவற்ற, மனவளர்ச்சி குன்றிய பெண்களுக்கென ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய காப்பகத்தில் வசித்த பெண்ணொருவரின் உடல் 2012 ஜூலையில் மண்ணிலிருந்து தோண்டியெடுக்கப்பட்டது. நிர்வாகத்தைச் சார்ந்தோர் கைதாயினர். புனேயில் 1994இல், அரசு இல்லத்தில் வாழ்ந்த அறிவுசார் குறைபாடுடைய பெண்களுக்கு, மாதவிடாய்க் காலத்தில் பராமரிப்பது கடினம் என்ற காரணங்காட்டிக் கருப்பை அகற்றப்பட்டது. ஏர்வாடியை எந்தத் தமிழ் வாசகருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று தீப்பற்றியபோது மனநோயாளிகள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். 28 பேர் மாண்டனர்.

சிராகோலும் குராப்பும் ஒன்றே என்று இங்கே சொல்லப்படவில்லை. ஒன்றில் பயிற்சி பெற்ற பணியாளர் இருப்பர், தோட்டம் இருக்கும். மற்றதில் பூட்டிய அறை இருந்தது. இரண்டுக்கும் இடையே நிற்பது வர்க்கம். ஆனால் இரண்டுமே ஓர் எடுகோளின் மீது கட்டப்பட்டவை: இவர்களுக்குரிய இடம் மற்றவர்கள் வாழும் தெருவில் இல்லை என்பதே அவ்வெடுகோள். தெருவில் அண்டைவீட்டார் இருக்கிறார்கள், தேநீர்க் கடைக்காரர் இருக்கிறார், பாடா கிளப் இருக்கிறது. ஒருவர் இரண்டு நாள் கண்ணில் படாவிட்டால் யாரேனும் விசாரிப்பர். வளாகத்தில் விசாரிக்க வருவோர் யாவரும் வளாகத்தின் சம்பளப் பட்டியலில் இருப்பவர்கள். எவ்வளவு நல்ல மனத்தோடு எழுப்பப்பட்ட மதிலுக்கும் இது பொருந்தும்.

ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 19ஆம் பிரிவு, எங்கே, யாருடன் வாழ்வது என்பதைத் தெரிவு செய்யும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்கிறது. இந்தியா அதனை 2007இல் ஏற்று உறுதி செய்தது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 5ஆம் பிரிவும் சமூகத்தில் வாழும் உரிமையைப் பேசுகிறது. ஆயினும் நடைமுறையில் சுதந்திர வாழ்வு என்பது வேறாகப் பொருள்கொள்ளப்படுகிறது. சட்டைப் பொத்தானைத் தானே போடக் கற்றாரா? நாணயத்தை எண்ணுகிறாரா? தனியே பேருந்தில் ஏறுகிறாரா? கற்ற பின்னர்தான் வெளியே அனுமதி. இத்தேர்வில் தேறாதவர் ஆயுள் முழுவதும் பயிற்சி மாணவராகவே இருந்து நரைத்துப் போகிறார். பொத்தான் போடத் தெரிந்தால்தான் வீடு என்ற நிபந்தனையை எந்த அமைச்சருக்கும் எவரும் விதித்ததில்லை. அவருக்குக் காரின் கதவைத் திறந்துவிடவும் ஆள் உண்டு. உதவியின்றி வாழ்பவர் எவருமில்லர். யாருடைய உதவிக்கு ஊதியமும் மதிப்பும் கிடைக்கிறது, யாருடையது பிச்சையாகிறது என்பதே வேறுபாடு.

இதனை நூறாண்டுக்கு முன்னரே சோவியத் உளவியலாளர் லெவ் வைகோத்ஸ்கி கண்டுரைத்தார். உடலிலோ மூளையிலோ உள்ள குறை ஒருவரை நேரடியாக ஒடுக்குவதில்லை. சமூகம் அக்குறையை எதிர்கொள்ளும் முறையே அவர் வாழ்வைத் தீர்மானிக்கிறது என்பது அவர் நிலைப்பாடு. குறுகிய உலகத்துள் அடைத்துவைக்கும் சிறப்புப் பள்ளிகளை அவர் கண்டித்தார். பின்னாளில் சோவியத் நாட்டிலேயே பெரும் இல்லங்கள் பெருகின என்பதும் வரலாறு. வைகோத்ஸ்கி அதனால் பொய்யாகிவிடவில்லை.

கொல்கத்தாவில் 2012 பிப்ரவரி 19 அன்று நடந்த நிகழ்வு அவர் கூற்றுக்கு விளக்கம்போல் அமைந்தது. மூளை முடக்குவாதம் உடைய ஜீஜா கோஷ், பிரசிடென்சி கல்லூரியில் பயின்றவர். மாற்றுத்திறனாளிகள் உரிமைக்காகப் பணியாற்றுபவர். கோவாவில் நடைபெறவிருந்த மாநாட்டுக்குச் செல்ல ஸ்பைஸ்ஜெட் விமானத்தில் ஏறி அமர்ந்திருந்த அவரை ஊழியர்கள் இறக்கிவிட்டனர். அவர் நடையையும் பேச்சையும் கண்டு, பயணத்திற்குத் தகுதியற்றவர் என்று முடிவு செய்தனர். மருத்துவரை யாரும் கலந்தாலோசிக்கவில்லை. 2016 மே 12 அன்று உச்ச நீதிமன்றம் அவருக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. நான்காண்டுகள் போராடக் கல்வியும் மொழியும் அமைப்பின் துணையும் அவருக்கு இருந்தன. வங்கி வரிசையிலிருந்தும் பேருந்துப் படிக்கட்டிலிருந்தும் நாள்தோறும் இறக்கிவிடப்படுவோரின் வழக்கு எந்த நீதிமன்றத்தையும் எட்டுவதில்லை. அவர்களைப் பொறுத்தவரை சுதந்திரம் இரண்டு கூலிகளில் அடங்கியிருக்கிறது: அவர்கள் ஈட்ட வேண்டிய கூலி; அவர்களுக்குத் துணை நிற்பவருக்குத் தர வேண்டிய கூலி.

முதலாவதைப் பார்க்கலாம். புறநானூற்றின் 28ஆம் பாடல் மனிதப் பிறப்பின் எட்டு வகைக் குறைகளை எண்ணிச் செல்கிறது. அவற்றுள் இறுதியானது மருள். இப்பிறப்புகளால் பேதைமையன்றி ஊதியம் இல்லை என்று முன்னோர் கூறியதாக அப்பாடல் சொல்கிறது. ஊதியம் என்பதற்கு அங்கே பயன் என்று பொருள். இன்று அச்சொல் கூலியைக் குறிக்கிறது. அந்தப் பொருளிலும் பாடல் இன்றுவரை பொருந்தியே வருகிறது. 1948ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, ஊனமுற்ற ஊழியர்களுக்கு அச்சட்டம் பொருந்தாது என ஆணையிடும் அதிகாரத்தை அரசுகளுக்கு வழங்கியது. விடுதலை பெற்ற இந்தியாவின் தொடக்ககாலத் தொழிலாளர் சட்டங்களுள் ஒன்றிலேயே, மனிதரின் ஒரு பகுதியினரைக் குறைந்த விலைக்கு வாங்கலாம் என்று எழுதிவைக்கப்பட்டது. அமெரிக்காவின் 1938ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இதே ஓட்டை உண்டு. அதன் வழியே மெழுகுவத்தி, காகிதப்பை, அகல்விளக்கு செய்யும் பயிற்சிக் கூடங்கள் தோன்றின. ஒருவர் அங்கே இருபதாண்டுகள் உழைத்தாலும் அவர் “பயிற்சி பெறுபவர்”, பெறுவது “ஊக்கத்தொகை”. ஈ.எஸ்.ஐ. இல்லை, வைப்புநிதி இல்லை, சங்கம் இல்லை. தீபாவளிக்கு அவ்விளக்குகளை வாங்கும் நிறுவனங்கள் அதனைச் சமூகப் பொறுப்பு என்று ஆண்டறிக்கையில் படத்துடன் அச்சிடுகின்றன.

2016ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பணிகளில் 4 விழுக்காடு ஒதுக்கீட்டில் 1 விழுக்காட்டை ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு ஆகிய அனைத்துக்கும் சேர்த்து ஒதுக்கியது. ஆனால் எழுத்துத் தேர்வு மாறவில்லை. பணியிடங்களைப் பகுத்து, உதவியாளருடன் செய்யத்தக்க பணிகளாக அமைக்கும் முயற்சியும் இல்லை. தேர்வு எழுத இயலாதவருக்கு ஒதுக்கிய இடத்தைத் தேர்வு வைத்து நிரப்ப முற்பட்டால், இடம் காலியாகக் கிடப்பதில் வியப்பென்ன? நிரந்தரப் பணியிடங்களே ஒப்பந்த முறைக்கு இரையாகி வரும் காலத்தில் அந்த 1 விழுக்காடும் பூஜ்யத்தின் விழுக்காடாகிறது.

இரண்டாவது கூலியைப் பற்றிப் பேச, சியால்தாவின் தெற்குப் பிரிவு நடைமேடைக்கு வர வேண்டும். கேனிங்கிலிருந்தும் லட்சுமிகாந்தபூரிலிருந்தும் விடியலில் வந்து சேரும் புறநகர் ரயில்களிலிருந்து பெண்கள் அலையலையாய் இறங்குகின்றனர். வீட்டுவேலை செய்வோர், சமைப்போர், நோயாளிகளையும் முதியோரையும் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கள். நகரமெங்கும் உள்ள “ஆயா சென்டர்கள்” இவர்களைப் பன்னிரண்டு மணிநேர வேலைக்கு அனுப்புகின்றன. கூலியில் தரகும் பிடிக்கின்றன. வளர்ச்சிசார் குறைபாடுடைய ஒருவருடன் பகல் முழுதும் இருந்து, குளிப்பாட்டி, உண்ணச் செய்து, அவர் சொல்ல வருவதைப் புரிந்துகொள்ளும் பெண்ணுக்கு அத்தொழிலில் பயிற்சி கிடையாது, விடுப்பு கிடையாது, பெயர்கூடப் பல வீடுகளில் கிடையாது, “மாசி” என்பதே பெயர். நாளை வேறொரு வீட்டில் ஐம்பது ரூபாய் கூடுதலாகக் கிடைத்தால் அவர் போய்விடுவார், போகத்தான் வேண்டும். அவரை நம்பியிருந்தவரின் உலகம் அன்று சரிந்துவிடும். ஆட்டிசம் உடைய ஒருவருக்குப் பழகிய முகம் மறைவது சிறு நிகழ்வன்று.

நடுத்தர வர்க்கப் பெற்றோர் அமைப்புகள் இப்பெண்களைப் “பொறுப்பற்றவர்கள்” என்று குறைகூறுவதும், தொழிற்சங்கங்கள் அப்பெற்றோரை வெறும் முதலாளிகளாகப் பார்ப்பதும் ஒரே குருட்டுத்தனத்தின் இரு முனைகள். ஆயாவின் கூலி உயராமல், வேலை நிரந்தரமாகாமல், குறைபாடுடையவரின் வாழ்வு நிலைபெறாது. அந்தக் கூலியைத் தனிக்குடும்பத்தால் வழங்க முடியாது என்பதும் உண்மை. ஆகவே அது பொதுநிதியிலிருந்து வர வேண்டும். ஒவ்வொரு வார்டிலும் ஊராட்சியிலும் பயிற்சி பெற்ற உதவியாளர்களை அரசு ஊழியர்களாக நியமிப்பது பற்றிய கோரிக்கை இவ்விடத்தில்தான் பிறக்கிறது. ஊழியர்களாக என்ற சொல்லை அழுத்தமாகவே படிக்க வேண்டும். 1975இல் தொடங்கிய அங்கன்வாடித் திட்டம் பெண்களைத் “தன்னார்வலர்” என்று அழைத்தே அரை நூற்றாண்டைக் கடத்திவிட்டது. 2018இல் ஒன்றிய அரசு உயர்த்தி நிர்ணயித்த மதிப்பூதியம் 4,500 ரூபாய். அதே பொறியை இன்னொரு வாசலில் வைக்க இடமளிக்கலாகாது.

கேரளம் இத்திசையில் ஓரடி எடுத்துவைத்தது. 2004இல் திருவனந்தபுரம் மாவட்டத்தின் வெங்ஙானூர் ஊராட்சியில் தொடங்கிய “பட்ஸ்” நிறுவனங்கள் இன்று முந்நூறைக் கடந்துள்ளன. உள்ளாட்சிகள் நடத்துகின்றன, குடும்பஸ்ரீ துணை நிற்கிறது. 18 வயது கடந்தோருக்கெனத் தனி மறுவாழ்வு மையங்களும் உண்டு. வீட்டிலிருந்து சென்று வீட்டுக்குத் திரும்பும் தூரத்தில் அமைந்திருப்பதே இவற்றின் சிறப்பு. ஆயினும் மாலையில் மையம் மூடிய பின் பொறுப்பு மீண்டும் தாயிடமே வருகிறது. பராமரிப்போருக்கான “ஆஸ்வாசகிரணம்” உதவித்தொகை மாதம் 600 ரூபாய். இடதுசாரிகள் கொண்டுவந்தது என்பதற்காக 600 ரூபாயைப் போதும் என்று சொல்ல வேண்டியதில்லை. சுவீடனில் 1994 முதல் நடைமுறையிலுள்ள சட்டம், அறிவுசார் குறைபாடும் ஆட்டிசமும் உடையோருக்குத் தனிப்பட்ட உதவியாளரை உரிமையாக்கியது. பின்னர் அங்கும் லாப நோக்குடைய நிறுவனங்கள் அத்துறையில் நுழைந்தன என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

“பணம் எங்கே?” என்பது வழக்கமான மறுமொழி. இந்திரா காந்தி தேசிய ஊனமுற்றோர் ஓய்வூதியத் திட்டத்தில் ஒன்றிய அரசின் பங்கு மாதம் 300 ரூபாய். நாளொன்றுக்குப் பத்து ரூபாய். அதுவும் வறுமைக் கோட்டிற்குக் கீழே இருந்து, 80 விழுக்காடு குறைபாடும் இருந்தால். 2012இல் நிர்ணயித்த தொகை இது. மேற்கு வங்கத்தில் 2018இல் தொடங்கிய “மானபிக்” திட்டம் மாதம் ஆயிரம் ரூபாய் என்றது. அதே ஆண்டு துர்கா பூஜைக் குழுக்களுக்குத் தலா 10,000 ரூபாய் வழங்கத் தொடங்கிய மம்தா அரசு, 2024இல் அதனை 85,000 ஆக்கியது. பெற்றவை 40,000க்கும் மேற்பட்ட குழுக்கள். ஒரு பந்தலுக்கு ஒரு பருவத்தில் கிடைத்ததைப் பெற, ஒரு மாற்றுத்திறனாளி ஏழாண்டுகள் காத்திருக்க வேண்டும். அப்பந்தலின் படிக்கட்டுகள் வழியே சக்கர நாற்காலி ஏறுமா என்பது தனிக் கேள்வி. ஆந்திரத்தில் 2024இல் மாற்றுத்திறனாளிகள் ஓய்வூதியம் 3,000 ரூபாயிலிருந்து 6,000 ஆக உயர்த்தப்பட்டது. அது இடதுசாரி அரசன்று. தேர்தல் கணக்கே அதன் உந்துதல் என்றாலும், பணம் இல்லை என்ற வாதம் அங்கே பொய்யாயிற்று.

பணத்தோடு முடிவெடுக்கும் உரிமையும் சேர வேண்டும். 1912ஆம் ஆண்டின் இந்திய லூனசி சட்டம் “முட்டாள்” என்ற சொல்லையே சட்டச்சொல்லாக்கி, அறிவுசார் குறைபாடு உடையோரையும் மனநோயாளிகளையும் ஒரே கூண்டில் அடைத்தது. அச்சட்டம் மறைந்துவிட்டது, அதன் நிழல் மறையவில்லை. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வயதுவந்தோருக்கும் காப்பாளரை நியமிக்க வழிசெய்கிறது. 2016ஆம் ஆண்டுச் சட்டமோ, காப்பாளர் அவருடன் கலந்து பேசிக் கூட்டாக முடிவெடுக்க வேண்டும் என்கிறது. இரு சட்டங்களும் அருகருகே நிற்க, வங்கி மேலாளர் பழையதையே கையில் எடுக்கிறார். தன் பெயரில் கணக்குத் தொடங்கவும் தன் உதவித்தொகையைத் தானே எடுக்கவும் ஒரு மனிதர் முதலில் தன்னை இயலாதவர் என்று சான்றளித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டில் உலக வங்கிக் கடனுடன் “விழுதுகள்” சேவை மையங்கள் திறக்கப்பட்டு வருகின்றன. திட்டக் காலம் முடிந்தபின் அவற்றின் பணியாளர்களுக்கு ஊதியம் தருவது யார் என்ற கேள்வியை இப்போதே எழுப்பியாக வேண்டும். தமிழ்நாடு அனைத்து வகை மாற்றுத்திறனாளிகள் மற்றும் பாதுகாப்போர் உரிமைகளுக்கான சங்கம் தன் பெயரிலேயே பாதுகாப்போரையும் இணைத்துக்கொண்டது. அங்கன்வாடி, ஆஷா, வீட்டுவேலைத் தொழிலாளர் சங்கங்களோடு அது ஒரே கோரிக்கைப் பட்டியலைத் தயாரிப்பதற்கு அப்பெயரே போதிய அடிப்படை. கொல்கத்தாவில் மாநில பிரதிபந்தி சம்மிலனிக்கும் கேனிங் ரயிலில் வரும் பெண்களுக்கும் இடையே கட்டப்பட வேண்டியதும் இதே பாலம்.

மாவட்டந்தோறும் செய்யத்தக்க பணி ஒன்று இன்றே இருக்கிறது. 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி உள்ளூர் நிலைக் குழு அமைய வேண்டும். காப்பாளர் நியமன விண்ணப்பங்களை முடிவு செய்வது அக்குழுதான். ஆட்சியர் நிலையிலுள்ள அலுவலர், பதிவு பெற்ற அமைப்பின் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் என அதற்கு மூன்று இருக்கைகள். அக்குழு கடைசியாக எப்போது கூடியது, மூன்றாவது இருக்கையில் யார் அமர்ந்திருக்கிறார், அறிவுசார் குறைபாடு உடைய ஒருவர் எப்போதேனும் அதில் அமர்ந்ததுண்டா என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேட்டுப் பெறலாம்.